கப்பலூரில் இன்னும் தேறவில்லை

சுபலட்சுமி தமிழ்த் தட்டச்சு மேல்நிலைத் தேர்வில் தேறிவிட்டாள். ஆனால் மதுரையில் மட்டும்தான் தேறியிருந்தாள். திருமங்கலம் ரோட்டில் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடும் கப்பலூரில் அவள் தோற்றுப் போயிருந்தாள். ஒரே பெண், ஒரே பதிவு எண், ஒரே தேர்வு. ஊருக்கு ஒரு முடிவு. இதில் எது உண்மை என்று சொல்ல வேண்டிய தென்மாவட்ட வணிகத் தேர்வு வாரியம், அதைச் சொல்வதற்கென்றே ஒரு குழுவை வைத்திருந்தது. குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூடும். போன வாரம்தான் கூடிக் கலைந்திருந்தது.

இது நடந்தது 2003ஆம் வருடம் அக்டோபரில். நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண் சுபலட்சுமி. டிசம்பர் வந்தால் முப்பது முடிகிறது. நீதிமன்றத் தட்டச்சர் வேலைக்கு எழுதிப் போட்டுத் தேர்வாகியிருந்தாள். முப்பது முடிந்தால் அந்த வேலை கிடையாது. அக்டோபர் பதினேழாம் தேதி அசல் சான்றிதழோடு வரச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. ஆங்கிலத்தில் மேல்நிலை முன்பே முடித்தாகிவிட்டது. தமிழில்தான் இரண்டு மதிப்பெண் குறைந்து போயிற்று. மறுமதிப்பீட்டுக்குப் போட்டாள். திருத்தியவர் கூட்டலில் பண்ணிய தவறு அம்பலமாகி, மூன்று மதிப்பெண் கூடுதலாக வந்தது. அதை எழுதித் தந்த குறிப்பை எடுத்துக்கொண்டு ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம் மூன்று மணிக்கு வாரியத்துக்கு ஓடினாள்.

கவுண்டரில் குறிப்பை வாங்கித் தட்டினார்கள். அவள் பெயரைத் தட்டியதும் திரை அப்படியே நின்றது. நாற்பது விநாடி. பின்னால் வரிசையில் நின்றவர்கள் இதற்குப் பழகியவர்கள். ஒருவர் தினத்தாளில் ஒரு பத்தியைப் படித்து முடித்தார். பிறகு திரை அசைந்தது. முடிவு என்ற கட்டத்தில் 'தேர்ச்சி' என்று தட்டினார்கள், அது மட்டும் சட்டென்று ஏறிக்கொண்டது. உடனே பக்கத்தில் நின்றிருந்த முத்திருளன் என்ற கடைநிலை ஊழியர் அவளுடைய குறிப்பை எடுத்து, நடுவில் ஒரு கிழி, குறுக்கே ஒரு கிழி, நாலு துண்டாக்கிச் சாக்கில் போட்டார்.

"அண்ணே, அதை எதுக்கு கிழிக்கிறீங்க?" என்று பதறினாள் சுபலட்சுமி.

"அதான் பெட்டிக்குள்ள போயிருச்சேம்மா. இனிமே இந்தக் காகிதம் வெளிய கெடந்தா, ஒரு ஆளுக்கு ரெண்டு உண்மை ஆயிருமாம். தலைவர் உத்தரவு. நாளைக்கு பூசை, நாளான்னைக்கு விஜயதசமி. திங்கக்கெழமை வந்து சான்றிதழை வாங்கிக்க," என்றார் முத்திருளன். பதினெட்டு வருடமாக அந்த ஆபீசில் காகிதங்களைக் கட்டிக் காப்பாற்றியவர் அவர். இப்போது கிழிப்பதற்கென்று அவருக்குத் தனி நாற்காலி போட்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை வந்தாள். அவள் பெயர் இருந்தது, பதிவு எண் இருந்தது, கட்டணம் கட்டிய தேதிகூட இருந்தது. முடிவு என்ற கட்டத்தில் 'தேர்ச்சி இல்லை' என்று இருந்தது.

இது எப்படி நேர்ந்தது என்று தெரிய வேண்டுமென்றால் வாரியத்தின் இரண்டு பெட்டிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

வாரியத்தின் தலைவர் வெங்கடசுப்பிரமணியன். எதையும் பாதுகாப்பாகச் செய்ய வேண்டும் என்ற வெறி பிடித்தவர். இடது சட்டைப் பையில் ஒரு பேனா, அது எழுதாவிட்டால் வலது பையில் ஒரு பேனா, இரண்டும் எழுதாவிட்டால் டிரைவர் பையில் ஒரு பேனா. தேர்வு முடிவுகளைச் சேர்த்து வைக்க ஆளுயரத்தில் ஒரு கணினிப் பெட்டி மதுரை ஆபீசுக்கு வந்தபோது, தீ பிடித்தால் என்ன ஆகும் என்று கேட்டு, கப்பலூர் தொழிற்பேட்டையில் வாடகைக்கு ஓர் அறை எடுத்து அதே மாதிரி இன்னொரு பெட்டியை வைத்தார். மதுரைப் பெட்டியில் ஏறுவதெல்லாம் கப்பலூர்ப் பெட்டிக்கும் போக வேண்டும். ஒன்று செத்தால் மற்றது பிழைத்திருக்கும். அது வரைக்கும் அவர் செய்தது சரிதான்.

பெட்டியை விற்ற கம்பெனியிலிருந்து கோகுல்நாத் என்ற எஞ்சினியர் வந்து, நகல் அனுப்ப இரண்டு வழி உண்டு என்று விளக்கினான். ஒன்று உடன் நகல். மதுரையில் ஒரு வரி ஏறினால், 'வந்து சேர்ந்தது' என்று கப்பலூர் பதில் சொல்லும் வரை மதுரை காத்திருக்கும். எதுவும் தொலையாது, ஆனால் வரிக்கு வரி காக்க வேண்டும், அதுவும் இந்தத் தொலைபேசிக் கம்பியில். இன்னொன்று பின் நகல். மதுரை தன் பாட்டுக்கு வேகமாக ஏற்றிக்கொண்டே போகும், சாயங்காலம் ஆறு மணிக்கு அன்றையதை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிக் கப்பலூருக்கு அனுப்பும். வேகம் உண்டு. ஆனால் மூட்டை போவதற்குள் மதுரைப் பெட்டி நின்றுபோனால் அன்றையது போச்சு.

இரண்டையும் கலக்கவும் கலக்கலாம் என்று அவன் சொன்னதுதான் வினையாயிற்று. முக்கியமானதை உடன் நகலில் விடுங்கள், முக்கியமில்லாததைப் பின் நகலில் விடுங்கள், காத்திருப்பும் குறையும், முக்கியமானதும் தொலையாது என்றான். நல்ல யோசனைதான். எது முக்கியம் என்பதை முடிவு செய்ய வாரியம் ஏழு பேர் கொண்ட குழுவை அமைத்தது. குழு நாலு நாள் உட்கார்ந்து முடிவு செய்தது: வாரியத்துக்கு முக்கியமானவை மாணவரின் பெயர், பதிவு எண், கட்டணம் கட்டிய தேதி. தேர்ச்சியா தோல்வியா என்பது மாணவருக்கு மட்டுமே முக்கியமான விஷயம், ஆகவே அது பின் நகலில் போகட்டும்.

இந்த ஏற்பாட்டுக்கு உடன்பின் நகல் என்று பெயர் சூட்டி, தலைவர் திறப்பு விழா நடத்தினார். அன்றைக்கு அவர் பேசியதை அச்சடித்து ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்தார்கள். காத்திருந்த நேரத்தில் சுபலட்சுமி அதை மனப்பாடம் ஆகும் அளவுக்குப் படித்தாள்.

"ஒரு முறையில் தாமதம் உண்டு, இழப்பு இல்லை. மற்ற முறையில் இழப்பு உண்டு, தாமதம் இல்லை. சாதாரண நிர்வாகி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருப்பான். நமது வாரியம் இரண்டையும் தேர்ந்தெடுத்திருக்கிறது என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். இனி இந்த வாரியத்தில் ஒரு பெட்டி சொல்வது உண்மையாகாது. இரண்டு பெட்டியும் ஒப்புக்கொள்ளும் வரை எந்த நிகழ்வும் நிகழ்ந்ததாகக் கருதப்பட மாட்டாது. முரண்பட்டால் கப்பலூரே சரி. ஏனென்றால் கப்பலூரில் மனிதர்கள் யாரும் இல்லை. மனிதர்கள் இல்லாத இடத்தில் தவறு நடக்காது."

கைதட்டல் இரண்டு நிமிடம் நீடித்ததாக அடிக்குறிப்பு இருந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு, எல்லா ஆபீசிலும் செய்வது போல, வாரியத்திலும் பூஜை போட்டார்கள். உழைத்த கருவிக்கு அன்றைக்கு ஓய்வு கொடுத்தாக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கிற இயந்திரத்துக்குப் பொட்டு வைப்பது தலைவருக்குப் பிடிக்காது. அதனால் பெட்டியை அணைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, சுண்டலும் பொரியும் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஆறு மணி மூட்டை கட்டப்படவே இல்லை. ஆளில்லாத கப்பலூருக்கு யாரும் பூஜை போடவில்லை, அங்கே பெட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மிச்சத்தைக் கோகுல்நாத் ஒரே மூச்சில் சொன்னான்: "பத்து நிமிசம் அண்ணங்காரன்கிட்டருந்து சத்தம் இல்லைன்னா, அண்ணன் செத்துட்டான்னு தம்பி நாற்காலியில ஏறி உக்காந்துருவான் சார். அப்படித்தான் அமைச்சிருக்கு. மறுபடி அண்ணன் எந்திரிச்சு வந்தா, இனி தம்பி சொல்றதைத்தான் அண்ணன் கேக்கணும். தன்கிட்ட இருக்கறதை அழிச்சிட்டு, தம்பிகிட்ட இருக்கறதை வாங்கிக்குவான்."

அன்றைக்குப் பதிந்தவர்கள் இருநூற்றுப் பத்துப் பேர். எல்லாருடைய பெயரும் உடன் நகலில் பத்திரமாகக் கப்பலூர் போய்ச் சேர்ந்திருந்தது. புது முடிவுகள் மதுரையில் குங்குமத்தோடு அழிந்திருந்தன, கப்பலூரின் பழைய முடிவே நின்றது. காகிதங்கள் முத்திருளனின் சாக்கில் நாலு நாலு துண்டாகக் கிடந்தன. அந்தச் சாக்கையும் விஜயதசமிக்கு முன்பே எடைக்குப் போட்டுவிட்டார்கள்.

சுபலட்சுமி தலைவரைப் பார்க்க மூன்று நாள் நின்றாள். நாலாவது நாள் துணைத்தலைவர் பாலமுரளி இரக்கப்பட்டு உள்ளே விட்டார். பாலமுரளி நல்லவர், தனக்கு மேலே இருப்பவர் ஓய்வு பெறும் வரை நல்லவராகவே இருந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

அவள் சொன்னதை வெங்கடசுப்பிரமணியன் பொறுமையாகக் கேட்டார். திரையில் 'தேர்ச்சி' என்று இருந்ததை அவள் கண்ணால் பார்த்ததையும், வாரியத்தின் ஆளே காகிதத்தைக் கிழித்ததையும், பதினேழாம் தேதி போனால் திரும்பி வராது என்பதையும் அவள் சொன்னாள். அவர் தலையாட்டினார்.

"நீங்க மதுரையில தேறிட்டீங்க, அதை நான் மறுக்கலைம்மா. கப்பலூர்ல இன்னும் தேறலை. அவ்வளவுதான் விஷயம்," என்றார். "வர்ற ஜனவரியில குழு கூடும். அவசரப்படக் கூடாது. பூஜைக்கு முந்தின நாள் மூணு மணிக்கு வந்தது உங்க அவசரம். இந்த இருநூத்துப் பத்துப் பேரும் அவசரப்பட்டதாலதான் இவ்வளவும்னு விசாரணை அறிக்கையே வந்திருக்கு."

விசாரணை அறிக்கை நூற்று நாற்பது பக்கம். அதில் பூஜை என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

பதினேழாம் தேதி அவள் நீதிமன்றத்துக்குப் போனாள். நடந்ததைச் சொன்னாள். சரிபார்த்தவர் வயதானவர், அவளைப் பார்த்துப் பாவப்பட்டார், இப்படி ஒரு கதையை இதுவரை கேட்டதில்லை என்றார், பட்டியலில் அவள் பெயர் மேல் கோடு போட்டார். டிசம்பரில் முப்பது முடிந்தது. ஜனவரிக் கூட்டத்துக்குப் போதிய உறுப்பினர்கள் வரவில்லை. பிப்ரவரியில் சிறப்புக் கூட்டம் போட்டு அவளுடைய தேர்ச்சியை ஒப்புக்கொண்டார்கள். சான்றிதழை வெங்கடசுப்பிரமணியனே தன் கையால் கொடுத்தார்.

"வாழ்த்துக்கள். கப்பலூரும் ஒத்துக்கிருச்சு," என்றார் சிரித்துக்கொண்டு.

அந்தச் சிரிப்பைச் சுபலட்சுமி பஸ்ஸில் ஊர் வரை கொண்டு போனாள். அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. இந்த ஆளும் ஒரு நாள் அந்தக் கவுண்டருக்கு முன்னால் டோக்கனோடு நிற்க வேண்டும் என்று நினைத்தாள். வெறுமனே நினைத்ததோடு விடவில்லை.

இதற்கிடையில் வாரியத்துக்கு ஒரு சங்கடம் வந்தது. இரண்டு பெட்டிகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத வரிகள் பதினோராயிரம் இருப்பதாகத் தெரிந்தது. அவற்றை எல்லாம் ஒரு பட்டியலாகத் தட்டி எடுக்க முரண்பாட்டுத் தட்டச்சர் என்று ஒப்பந்தத்தில் ஓர் ஆளைப் போட உத்தரவாயிற்று. சுபலட்சுமி விண்ணப்பித்தாள். வேகத் தேர்வு வைத்தார்கள். வந்திருந்த முப்பது பேரில் அவள்தான் முதல். பின்னால் நின்று பார்த்த பாலமுரளிக்குத் தாங்கவில்லை.

"இம்புட்டு வேகமா அடிக்கிற பொண்ணு எப்படி சார் ஃபெயில் ஆச்சு?" என்று கேட்டுவிட்டார்.

"வேகம் வேற, தேர்ச்சி வேற," என்றார் தலைவர். "அதைப் பிரிச்சுப் பாக்கத்தான் வாரியம் இருக்கு."

ஆக, தட்டச்சில் தோற்றவள் என்று ஒரு வேலையை இழக்க வைத்த வாரியம், தட்டச்சில் கெட்டிக்காரி என்று அவளை உள்ளே எடுத்தது. வீட்டில் எல்லாரும் அங்கேயா போகிறாய் என்று கேட்டார்கள். அங்கேதான் போகிறேன் என்றாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எட்டு மாதம் தட்டினாள். எந்த வரி எப்போது ஏறியது, எது எப்போது போனது, எது போகாமல் நின்றது என்று வரிக்கு வரி பார்த்துப் பார்த்து, பெட்டிகளின் குணம் அவளுக்கு அத்துபடியாகிவிட்டது. அந்த ஆபீசில் அவளுக்கு அடுத்தபடி அதைப் புரிந்துகொண்டவர் முத்திருளன்தான். அவருக்குப் புரிந்தது ஒரே ஒரு விஷயம்: கிழித்தால் திரும்பாது.

ஜூன் மாதம் அவள் ஓர் அலுவலகக் குறிப்பு எழுதினாள். பெட்டியை அணைப்பதாக இருந்தால் ஆறு மணி மூட்டை போன பிறகு அணைப்பது நல்லது என்று பணிவாக இரண்டே வரி. இந்த இடத்தில் அவளை நல்லவள் என்றும் சொல்ல வேண்டும். இன்னொரு பெண் தன்னைப் போல் நிற்கக் கூடாது என்ற எண்ணம் உண்மையிலேயே அவளுக்கு இருந்தது. நாலு நாளில் தலைவரின் கையெழுத்தோடு பதில் வந்தது: 'ஒப்பந்தத் தட்டச்சர் கருத்துக் கூறுதல் கூடாது. சொன்னதை மட்டும் செய்தால் போதுமானது.'

அந்தத் தாளை முத்திருளன் கிழிக்கக் கை நீட்டினார்.

"இது வேணும்ண்ணே," என்றாள். "இதை நான் வச்சுக்கிறேன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கையை இழுத்துக்கொண்டார். சாப்பாட்டுப் பைக்குள், பாலிதீன் கவரில் போட்டு அதை வைத்துக்கொண்டாள். அந்த நாளுக்குப் பிறகு அவளுக்குள் இருந்த நல்லவள் வாயைத் திறக்கவில்லை.

இன்னொரு காரியமும் நடந்திருந்தது. தன்னுடைய ஏற்பாட்டில் தனக்கு எவ்வளவு நம்பிக்கை என்று காட்ட, ஊழியர்களின் பணிப் பதிவேட்டையும் அதே பெட்டிகளில் ஏற்றச் சொல்லிவிட்டார் தலைவர். முதல் வரி அவருடையது. பெயர், பதவி, உத்தரவு எண் எல்லாம் உடன் நகலில். ஓய்வு பெறும் நாள் பின் நகலில், ஏனென்றால் வாரியத்தைப் பொறுத்தவரை அது ஊழியருக்கு மட்டுமே முக்கியமான விஷயம். அவர் வரியில் ஓய்வு நாள்: 31-10-2004.

ஆனால் அவர் ஓய்வு பெறுவதாக இல்லை. தேனிப் பக்கம் மூன்றாவது பெட்டி வைக்க வேண்டும், மூன்றும் ஒப்புக்கொள்ளும் முறையை டெல்லியில் ஒரு மாநாட்டில் வாசிக்க வேண்டும், அதற்கு ஒரு வருடம் நீட்டிப்பு வேண்டும் என்று சென்னைக்கு நடையாக நடந்தார். உத்தரவு வந்து சேர்ந்த நாள், 2004ஆம் வருட ஆயுத பூஜைக்கு முந்தின நாள். மணி மூன்றரை.

ஆபீஸ் பூராவும் தோரணம். பூஜையைப் படம் எடுக்கப் போட்டோக்காரர் வேறு வந்திருந்தார். தலைவர் உத்தரவைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். கேசரிக்குச் சொல்லி விட்டார். பிறகு சுபலட்சுமியின் மேசைக்கு வந்து உடனே ஏற்றச் சொன்னார். அவர் பெயரையும் உத்தரவு எண்ணையும் தட்டினாள். நாற்பது விநாடி எல்லாரும் நின்றார்கள், கப்பலூர் பதில் சொன்னது. ஓய்வு நாள் கட்டத்தில் 31-10-2005 என்று தட்டினாள். அது சட்டென்று மதுரையில் ஏறிக்கொண்டது. மூட்டைக்காகக் காத்திருந்தது.

முத்திருளன் உத்தரவைக் கையில் வாங்கித் தயங்கினார். "ஐயா, இது உங்களோடது. ரெண்டு நாள் இருந்துட்டுப் போகட்டுமே," என்றார்.

தலைவர் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு போட்டோக்காரர் பக்கம் திரும்பினார்.

"விதி எனக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு இல்லை முத்திருளா. கிழி."

நடுவில் ஒரு கிழி, குறுக்கே ஒரு கிழி. பளிச்சென்று படம் பிடித்தார்கள். தலைமையின் முன்மாதிரி என்று அந்தப் படம் பின்னால் வாரிய மலரில் வந்தது.

ஐந்து மணிக்குப் பெட்டி முன்னால் எல்லாரும் கூடினார்கள். பெட்டியின் நெற்றியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. போன வருடக் குழப்பத்துக்குப் பிறகு கோகுல்நாத் ஒட்டிவிட்டுப் போனது. 'ஆறு மணிக்கு முன் அணைக்காதீர்' என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. சந்தனம் வைக்க அந்த இடம்தான் வாகாக இருந்தது. தலைவர் தாளை நகத்தால் சுரண்டி உரித்துச் சுருட்டிக் கீழே போட்டார்.

"சார், பெட்டியை அணைச்சிரவா?" என்று சுபலட்சுமி கேட்டாள். எல்லாருக்கும் கேட்கும்படிதான் கேட்டாள்.

"அணைம்மா. நல்ல நேரம் போயிட்டிருக்கு."

"இப்பவே அணைச்சிரவா சார்?"

"சொன்னதை மட்டும் செஞ்சா போதும்னு எத்தனை தடவை சொல்றது?"

ஆறு மணி என்ற சொல் அவள் நாக்கு நுனியில் இருந்தது. ஒரே ஒரு சொல். நீதிமன்றத்தில் அந்த வயதானவர் கோடு போட்டபோது ஸ்கேல் வைத்து நேராகப் போட்டது ஞாபகம் வந்தது. சொல்லை விழுங்கினாள். சுவிட்சை அணைத்தாள். பெட்டியின் இரைச்சல் அடங்கியது. தலைவர் பட்டையாகச் சந்தனம் பூசினார். அவளுக்குப் பாவமாகவே இல்லை. அன்றைக்குச் சுண்டல் நன்றாக இருந்தது, இரண்டாவது தரமும் வாங்கிச் சாப்பிட்டாள். அன்று பதிய வந்த மாணவர்கள் யாரும் இல்லை; அவசரக்காரர்களைத் தடுக்கப் பூஜைக்கு முந்தின நாள் பதிவு கிடையாது என்று அந்த வருடம் சுற்றறிக்கை போட்டிருந்தார்கள். அவசரப்பட்டு வந்தது ஓர் உத்தரவு மட்டும்தான்.

இருபத்தொன்பதாம் தேதி காலையில் ஓய்வு பெறுவோர் பட்டியல் தானாக அச்சாகி வெளியே வந்தது. ஒரே பெயர். பாலமுரளி அதை இரண்டு தடவை படித்துவிட்டு, முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு, மாலைக்கு ஆள் அனுப்பினார்.

தலைவர் முதலில் சிரித்தார். பிறகு கத்தினார். கோகுல்நாத்தைக் கூப்பிட்டார்கள். அவன் பெட்டியின் நெற்றியைப் பார்த்தான், சந்தனத்தைப் பார்த்தான், "போன வருசம் சொன்னதேதான் சார்," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். அவசரமாகக் குழுவைக் கூட்டச் சொன்னார். தன் சொந்த விஷயத்தில் தலைவர் குழுவில் உட்காரக் கூடாது, தலைவர் இல்லாமல் குழு கூடவும் கூடாது என்று அவரே எழுதிய விதி இருந்தது. சென்னைக்குப் போன் போட்டார். உத்தரவு கிடைத்து ஏற்றப்பட்டதாகக் கப்பலூர் ஒப்புக்கொண்ட எண் எங்களிடம் இருக்கிறது, ஏற்கெனவே கொடுத்ததை மறுபடி கொடுக்க முடியாது, தேதியில் முரண்பாடு இருந்தால் உங்கள் வாரியத்தில் முறைப்படி விண்ணப்பிக்கவும் என்று அங்கிருந்து பதில் வந்தது.

நவம்பர் முதல் தேதி பாலமுரளி நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் செய்த முதல் காரியம், சுபலட்சுமியைக் கவுண்டருக்கு மாற்றியது. இரண்டாவது வாரம் டோக்கன் நாற்பத்திரண்டு என்று அவள் கூப்பிட்டபோது, கம்பிக்கு அந்தப் பக்கம் வெங்கடசுப்பிரமணியன் நின்றார். இடது பையில் ஒரு பேனா, வலது பையில் ஒரு பேனா. டிரைவர் இல்லை.

"இதை நீதானேம்மா டைப் அடிச்சே. 2005ன்னு நீ கண்ணால பாத்தியே. ஒரு வரி எழுதிக் கொடு, போதும்," என்றார். குரல் இறங்கியிருந்தது.

சுபலட்சுமி சாப்பாட்டுப் பையைத் திறந்தாள். பாலிதீன் கவரிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் கம்பிக்கு இந்தப் பக்கமே வைத்து, அவர் படிக்கிற மாதிரி திருப்பிக் காட்டினாள்.

"பாத்தேன் சார். கருத்துச் சொல்லக் கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. மதுரையில உங்களுக்கு ஒரு வருசம் குடுத்தாங்க, அதை நான் மறுக்கலை. கப்பலூர்ல குடுக்கலை. அம்புட்டுத்தான்."

அவருக்குப் பின்னால் நின்றவர் நகரச் சொல்லி முணுமுணுத்தார். வெங்கடசுப்பிரமணியன் விண்ணப்பத்தை நீட்டினார். அவர் பெயரைத் தட்டிவிட்டு அவள் கையைக் கட்டிக்கொண்டாள். நாற்பது விநாடி. அதை இதுவரை அந்தப் பக்கம் நின்று அவர் எண்ணியதில்லை. சுவரில் அவருடைய பேச்சு மாட்டியிருந்தது, படித்துக்கொண்டு நின்றார்.

ஜனவரியில் குழுவுக்குப் போதிய பேர் வரவில்லை. ஏப்ரலில் தேர்தல் வேலை என்று தள்ளிப் போட்டார்கள், தேர்தல் எதுவும் இல்லை. ஜூலையில் கோப்பு கிடைக்கவில்லை. ஒவ்வொரு தரமும் அவர் வந்தார், டோக்கன் வாங்கினார், நின்றார். மாநாட்டில் மூன்று பெட்டி முறையைப் பாலமுரளி போய் வாசித்துவிட்டு வந்தார்.

2005 நவம்பர் ஏழாம் தேதி குழு கூடி, வெங்கடசுப்பிரமணியனுக்கு வழங்கப்பட்ட பணி நீட்டிப்பு 1-11-2004 முதல் 31-10-2005 வரை முற்றிலும் செல்லத்தக்கது என்று ஒருமனதாக ஒப்புக்கொண்டது. அந்தச் சான்றை வாங்க வந்தவர் கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பையில் ஒரே ஒரு பேனாதான் இருந்தது. சுபலட்சுமி சான்றைத் தன் கையால் எடுத்து நீட்டினாள்.

"வாழ்த்துக்கள் சார்," என்றாள். சிரிக்கவும் செய்தாள். "போன வருசம் பூராவும் நீங்க வேலை பாத்திருக்கீங்க. கப்பலூரும் ஒத்துக்கிருச்சு."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் முத்திருளன் அவருடைய விண்ணப்பத்தை எடுத்து, நடுவில் ஒரு கிழி, குறுக்கே ஒரு கிழி கிழித்துச் சாக்கில் போட்டார். சுபலட்சுமி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.